ஃபயர் பம்புக்கு ஜெனரேட்டர் இணைப்பு: ஹூஸ்டன் ஒப்பந்ததாரர் ஒருவரின் வேலை பற்றிய மதிப்புரை

ஹூஸ்டனில் நாங்கள் குடியிருக்கும் எட்டு மாடி அடுக்ககத்தின் ஃபயர் பம்புக்கு அவசரகால ஜெனரேட்டரை இணைத்துக் கொடுத்த மின்ஒப்பந்த நிறுவனத்தின் வேலையை இங்கே மதிப்பிடுகிறேன். நான் தொழிலால் மின்பொறியாளன். குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் வரைபடங்களைச் சரிபார்ப்பதும், வேலை நடக்கும்போது உடனிருப்பதும் என் பொறுப்பாக இருந்தன. ஜெனரேட்டரிலிருந்து பம்புக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் தடித்த கேபிள்களை இவர்கள் கையாண்ட விதம், இத்துறையில் நான் பார்த்தவற்றுள் மிக நேர்த்தியானவற்றுள் ஒன்று. ஆனால் அந்த ஜெனரேட்டரை எழுப்ப வேண்டிய இரண்டு மெல்லிய கம்பிகளை இவர்கள் கொண்டுபோன விதம், அந்த நேர்த்தி முழுவதையும் பயனற்றதாக்கியிருக்கக்கூடியது. நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே குறையை வேறு பல ஒப்பந்ததாரர்களிடமும் கண்டிருக்கிறேன் என்பதால், ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகாது.

2024 ஜூலை 8 அன்று பெரில் சூறாவளி டெக்சாஸ் கரையைக் கடந்தபோது, ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் அற்றுப்போனது. சில பகுதிகளில் அது திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. எங்கள் கட்டடத்தில் 100 குதிரைத்திறன் கொண்ட மின்மோட்டார் பம்பு ஒன்றுதான் ஸ்பிரிங்ளர் குழாய்களுக்கும் மாடிப்படி ஓரத் தீயணைப்புக் குழாய்களுக்கும் அழுத்தம் தருகிறது. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் மேல்மாடிகளில் தீப்பிடித்திருந்தால், நகரத் தீயணைப்பு வண்டி வந்து வெளியிலிருந்து நீரேற்றும் வரை அங்கே போதிய அழுத்தம் கிடைத்திருக்காது. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) ஃபயர் பம்புத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 20, மின்மோட்டார் பம்பு ஒன்றை மட்டும் நம்புவதென்றால் அதற்கு வரும் மின்சாரம் நம்பகமானதாக இருக்க வேண்டும் என்கிறது. முந்தைய ஓராண்டில் தொடர்ச்சியாக 10 மணி நேரத்துக்கு மேல் நிற்காத மின்மூலம் என்பது, நம்பகத்தன்மைக்கு அதன் விளக்கக் குறிப்பு தரும் அளவுகோல்களில் ஒன்று. பெரிலுக்குப் பிறகு அந்த அளவுகோலை எங்கள் தெருவின் மின்சாரம் எட்டியிருக்கவே முடியாது.

தமிழ்நாட்டு வாசகர்கள் இந்த இடத்தில் வேறொன்றைக் கேட்கக்கூடும். நம் ஊர் உயரக் கட்டடங்களில் மின்மோட்டார் பம்புக்குப் பக்கத்திலேயே டீசல் எஞ்சினால் ஓடும் இன்னொரு பம்பு நிற்பதே வழக்கம். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் பெரும்பாலான உயரக் கட்டடங்களுக்கு இரண்டையுமே கேட்கிறது. இங்கேயும் டீசல் பம்புக்கு அனுமதி உண்டு, புதுக் கட்டடமாக இருந்தால் நானே அதைத்தான் பரிந்துரைத்திருப்பேன். ஆனால் எங்கள் பம்பு அறையில் இன்னொரு எஞ்சினையும் அதன் எரிபொருள் தொட்டியையும் புகைக்குழாயையும் நுழைக்க இடமில்லை. ஆகவே முற்றத்தில் ஜெனரேட்டர், பம்பு அறையில் தெருமின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்குத் தானே மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச், இரண்டுக்கும் நடுவே கேபிள் என்று முடிவாயிற்று.

டிரான்ஸ்ஃபர் ஸ்விட்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஃபயர் பம்புக்கான ஸ்விட்சை இரண்டு வகையில் வாங்கலாம்: பம்பைத் தொடங்கி இயக்கும் கன்ட்ரோலரும் ஸ்விட்சும் ஒரே தொழிற்சாலையில் ஒன்றாகப் பொருத்தி வரும் கூட்டுப்பெட்டி ஒரு வகை, ஏற்கெனவே இருக்கும் கன்ட்ரோலருக்கு அருகில் தனியாக மாட்டும் ஸ்விட்ச் மற்றொரு வகை. ஈட்டன், ஃபயர்ட்ரால், டோர்னாடெக், மெட்ரான் போன்ற தயாரிப்பாளர்கள் எல்லாரும் ஒரே தரநிலைக்கு உட்பட்டுச் செய்வதால், பெட்டிக்குள் நடப்பதில் பெரிய வேறுபாடு இருக்காது. பழைய கன்ட்ரோலருக்கு வயதாகிவிட்டபடியால் கூட்டுப்பெட்டியையே வாங்கலாம் என்று ஒப்பந்ததாரர் சொன்னதை நாங்கள் ஏற்றோம். அது சரியான அறிவுரை. தனி ஸ்விட்சாக இருந்தால், அதற்கும் கன்ட்ரோலருக்கும் இடையே அறைக்குள் போடும் கேபிள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் கண்ட்ரோல் கம்பிகள், இரண்டு பெட்டிகளின் எச்சரிக்கைத் தொடர்புகள் என்று கைவேலை கூடும். கைவேலை கூடும் இடத்தில் தவறும் கூடும்.

ஒரே ஒரு அம்சத்தை மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் சாதாரண கட்டட ஸ்விட்சை இங்கே மாட்டக் கூடாது என்பதற்கு அதுவே முக்கியக் காரணம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்தால், அது சுழன்றுகொண்டிருக்கும் சிறிது நேரம் தானே ஒரு மின்னழுத்தத்தை எழுப்பிக்கொண்டிருக்கும். அந்த நொடியில் வேறொரு மூலத்தை அதன்மேல் சேர்த்தால், இரண்டும் ஒத்திசையாத நிலையில் மோதி, தொடக்க மின்னோட்டத்தையும் மிஞ்சிய ஓர் அதிர்ச்சி உண்டாகிப் பிரேக்கர் துண்டித்துவிடும். சாதாரண ஸ்விட்சுகளில் இரு மூலங்களின் கட்டம் ஒத்துவரும் வரை காத்திருக்கும் கருவியை வைத்தோ, நடுவே சற்றுத் திறந்து நின்றோ இதைச் சமாளிப்பார்கள். ஃபயர் பம்புக்கு அந்த இரு வழிகளையும் என்.எஃப்.பி.ஏ. 20 வெளிப்படையாகத் தடுக்கிறது. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரையே முதலில் திறந்து, ஸ்விட்ச் மாறிய பிறகு மோட்டாரை மறுபடி தொடங்குவதுதான் கூட்டுப்பெட்டி செய்யும் முறை. ஒப்பந்ததாரரின் தலைமை மின்பணியாளர் இந்த வேறுபாட்டை எங்கள் சங்கச் செயலாளருக்கே புரியும்படி எளிமையாக விளக்கினார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இனி கேபிள்களுக்கும் பிரேக்கர்களுக்கும் வருகிறேன். இந்த மதிப்புரையின் கனம் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்கத் தேசிய மின்விதித்தொகுப்பில் ஃபயர் பம்புகளுக்கென்றே 1996 பதிப்பிலிருந்து 695 என்ற தனிப்பிரிவு இருக்கிறது. மற்றப் பிரிவுகளைப் படித்துப் பழகியவருக்கு அது தலைகீழாகத் தோன்றும். வேறெங்கும் பிரேக்கரின் வேலை கேபிளைக் காப்பாற்றுவது; இங்கே, பம்பு ஓடும்வரை கேபிள் எரிந்துபோனாலும் பிரேக்கர் குறுக்கே வரக் கூடாது. எங்கள் மோட்டாரை எடுத்துக்கொண்டால் இது துலங்கும். 460 வோல்ட்டில் 100 குதிரைத்திறன் மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டம், விதித்தொகுப்பின் அட்டவணைப்படி 124 ஆம்பியர். கேபிளை அதன் 125 சதவீதத்துக்கு, அதாவது 155 ஆம்பியருக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். 175 ஆம்பியர் தாங்கும் 2/0 அளவுத் தாமிரக் கேபிள் அதற்குப் போதும். ஆனால் மின்விநியோக நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வரும் வழியில் உள்ள பிரேக்கரோ, மோட்டாரின் லாக்டு ரோட்டர் மின்னோட்டத்தை, அதாவது சுழலி அசையாமல் சிக்கி நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தை, காலவரையின்றித் தாங்க வேண்டும். அது 725 ஆம்பியர் என்பதால் அடுத்த அளவான 800 ஆம்பியர் பிரேக்கர் வேண்டியிருக்கிறது. 175 ஆம்பியர் கேபிளுக்கு 800 ஆம்பியர் பிரேக்கர்! வேறு எந்த வேலையிலும் இதைச் செய்தால் ஆய்வாளர் அங்கேயே வேலையை நிறுத்திவிடுவார்.

பல ஒப்பந்ததாரர்கள் இதுவரை சரியாகவே வந்து, ஜெனரேட்டர் பக்கத்தில் சறுக்குகிறார்கள். ஒரே பம்பு, ஒரே பெட்டி, ஆகவே அங்கேயும் 800 ஆம்பியர் என்று எழுதிவிடுகிறார்கள். விதி அப்படியில்லை. அவசரகால ஜெனரேட்டருக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே உள்ள பிரேக்கர் பம்பு அறையின் முழுச்சுமையையும் ஒரே நொடியில் ஏற்றுக்கொள்ளத்தக்கதாக இருக்க வேண்டும். ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுவரும் சாதாரண வழிக்கான (ஃபீடர்) உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. எங்கள் மோட்டாருக்கு 124-இன் இரண்டரை மடங்கு 310. அடுத்த அளவு 350 ஆம்பியர். குழாய்களில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சிறிய ஜாக்கி பம்புக்குத் தனி வழியில் மின்சாரம் செல்வதால் அதைக் கூட்ட வேண்டியதில்லை. ஆக ஒரே பெட்டியின் ஒரு வாயில் 800, மறு வாயில் 350.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஜெனரேட்டரின் இயல்பில் இருக்கிறது. தெருவிலிருந்து வரும் மின்சாரம் குறுக்குச்சுற்று நேர்ந்தால் பல்லாயிரம் ஆம்பியரைக் கொட்டும்; 800 ஆம்பியர் பிரேக்கரும் உடனே துண்டித்துவிடும். எங்கள் 350 கிலோவாட் ஜெனரேட்டரின் முழுச்சுமை மின்னோட்டமே ஏறக்குறைய 526 ஆம்பியர்தான். பழுது நேரும்போது முதல் சில சுழற்சிகளில் அது கூடுதலாகத் தரும், பிறகு ஏறக்குறைய மூன்று மடங்கில் வந்து நிற்கும். அந்த மின்னோட்டத்தைப் பார்த்து 800 ஆம்பியர் பிரேக்கர் துண்டிக்க வெகுநேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் ஜெனரேட்டரோ கேபிளோ கருகிவிடும். இதை நான் கேட்காமலேயே, எந்தப் பிரேக்கர் எப்போது துண்டிக்கும் என்று காட்டும், ஒப்பந்ததாரர் கொடுத்த ஒருங்கிணைப்பு வரைபடத்தில் நான்கு கோடுகளாகக் காட்டியிருந்தார்கள்: மோட்டார் தொடங்கும் கோடு, கன்ட்ரோலருக்குள் இருக்கும் பிரேக்கரின் கோடு, 350 ஆம்பியர் பிரேக்கரின் கோடு, ஜெனரேட்டரின் பழுது மின்னோட்டக் கோடு. சுழலி சிக்கி நின்றால் 8 முதல் 20 நொடிகளுக்குள் கன்ட்ரோலரின் பிரேக்கர்தான் துண்டிக்க வேண்டும் என்பது தரநிலை. முற்றத்திலுள்ள பிரேக்கர் அதற்கு முந்திக்கொள்ளாது என்பதை அந்த வரைபடம் ஐயமின்றிக் காட்டியது. மோட்டார் தொடங்கும் முதல் கணத்தின் ஒருபக்கச் சாய்வு கொண்ட உச்ச மின்னோட்டத்தையும் கணக்கில் எடுத்து, உடனடித் துண்டிப்பின் அளவை அதற்கு மேலே வைத்திருந்தார்கள். இந்த ஒரு தாளுக்காகவே இவர்களுக்கு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

ஜெனரேட்டர் விற்பனையாளர் அனுப்பிய முதல் பிரேக்கரில் எர்த் ஃபால்ட் துண்டிப்பும் சேர்ந்து வந்தது. ஃபயர் பம்புச் சுற்றில் அது கூடவே கூடாது: தீயின்போது நனைந்த கேபிளிலிருந்து மின்சாரம் கசிந்தாலும் பம்பு நிற்கக் கூடாது என்பதே விதியின் நோக்கம். பெட்டியைத் திறந்த உடனே முன்பக்கத் திருகிகளைப் பார்த்துவிட்டு, மாட்டிக்கூடப் பார்க்காமல் தலைமைப் பணியாளர் அதைத் திருப்பியனுப்பினார். அதனால் சில வாரங்கள் தாமதமாயிற்று. அந்தத் தாமதத்தை நான் குறையாகக் கருதவில்லை.

ஜெனரேட்டரின் அளவைப் பற்றியும் ஒரு சொல். பம்பு ஓடும்போது இழுப்பது ஏறக்குறைய 100 கே.வி.ஏ. (கிலோவோல்ட்-ஆம்பியர்) என்பதால் 150 கிலோவாட் போதுமே என்று சங்கத்தில் பலர் கேட்டார்கள். போட்டியாக வந்த விலைப்புள்ளிகளில் ஒன்றும் அப்படியே எழுதியிருந்தது. ஆனால் தொடங்கும் நொடியில் இந்த மோட்டார் கேட்பது 577 கே.வி.ஏ. அந்த நொடியில் கன்ட்ரோலரின் நுழைவு முனைகளில் மின்னழுத்தம் 15 சதவீதத்துக்கு மேல் சரியக் கூடாது; 480 வோல்ட் அமைப்பில் அது 408-க்குக் கீழே போகக் கூடாது என்பதாகும். சாதாரண மோட்டார்களுக்கு 30 சதவீதச் சரிவைக்கூடச் சகித்துக்கொள்ளும் ஜெனரேட்டர் கணக்குகள் இங்கே செல்லாது. ஓட்டத்தில் இருக்கும்போது, அதுவும் முழுச்சுமையின் 115 சதவீதத்தில், சரிவு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை. இவர்கள் 350 கிலோவாட் எஞ்சினுக்கு, மின்சாரத்தை உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டரை ஒரு படி பெரிதாகப் பொருத்தச் சொன்னார்கள். எஞ்சினைப் பெரிதாக்குவதைவிட ஆல்டர்னேட்டரைப் பெரிதாக்குவது மலிவு. தொடக்கச் சரிவைத் தாங்குவதும் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர்தான். விலை கூடினாலும் நியாயமான கூடுதல். எரிபொருள் தொட்டியைப் பம்பின் முழுத்திறனுக்கு 8 மணி நேரமும், லிஃப்ட்டுக்கும் விளக்குகளுக்கும் தனியாகவும் கணக்கிட்டிருந்தார்கள். அதில் குறை காணவில்லை.

கேபிள் செல்லும் பாதை முற்றத்திலிருந்து மண்ணுக்கடியில் வந்து, கீழ்த்தள வாகன நிறுத்தத்தைக் குறுக்காகக் கடந்து, பம்பு அறைக்குள் நுழைகிறது. கட்டடத்துக்கு வெளியே போகும் பகுதிக்குத் தீப்பாதுகாப்பு தேவையில்லை. பம்பு அறைக்குள்ளும் தேவையில்லை. நடுவே உள்ள வாகன நிறுத்தப் பகுதியில்தான் 2 அங்குலக் கான்கிரீட் உறையோ, இரண்டு மணி நேரத் தீத்தடுப்புச் சுவரோ, இரண்டு மணி நேரம் தாங்கும் சான்று பெற்ற கேபிள் அமைப்போ வேண்டும். சான்று பெற்ற கேபிள்களைப் பற்றி எனக்கு எப்போதும் சற்றுத் தயக்கம் உண்டு. 2012-இல் யு.எல். சோதனை நிறுவனம் அவ்வகைக் கேபிள் அமைப்புகளுக்குக் கொடுத்துவந்த சான்றையே நிறுத்திவைத்து, பின்னர் புதிய சோதனைகளுக்குப் பிறகே மறுபடி தரத் தொடங்கியது. கேபிள் மட்டுமல்லாமல் அதைப் பிடித்திருக்கும் கிளாம்பு, குழாய், இணைப்பு எல்லாமே அந்தச் சான்றில் எழுதியபடி அச்சாக இருக்க வேண்டும் என்பதால், தளத்தில் சிறு மாற்றம் செய்தாலும் சான்று செல்லாது. ஒப்பந்ததாரரும் கான்கிரீட்டையே விரும்பினார். வாகன நிறுத்தத்தின் ஓரச் சுவரை ஒட்டித் தரையில் பலகையடைத்து, கண்டூட் குழாயைத் தாங்கிகளின்மேல் நிறுத்தி, எந்தப் பக்கம் அளந்தாலும் 2 அங்குலத்துக்குக் குறையாதபடி கான்கிரீட் ஊற்றினார்கள். ஊற்றுவதற்கு முன் நகர ஆய்வாளர் வந்து அளவுகோலை வைத்துப் பார்த்தபோது ஓரிடத்தில்கூடத் திருத்தம் சொல்லவில்லை. பார்க்க அழகில்லை, வண்டி நிறுத்துபவர்கள் முணுமுணுக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

பம்பு அறைக்குள் செய்த வேலை சுத்தமானது. கன்ட்ரோலர் பெட்டிக்குள் குழாய் நுழையும் துளையைத் துளையிடும் முன் உள்ளேயிருக்கும் கருவிகள் அனைத்தையும் துணியால் மூடி, இரும்புத் தூள் விழாமல் காந்தத்தை வைத்து எடுத்தார்கள். நுழைவாயில்களில் நீர் புகாத, சான்று பெற்ற குழாய் இணைப்பான்களையே (ஹப்) பொருத்தினார்கள். பம்பு அறையில் தண்ணீர் பீய்ச்சுவது விபத்தல்ல, எப்போதேனும் நடந்தே தீருவது. அறையின் விளக்குக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு கருவிக்கும் இந்தப் பெட்டியிலிருந்தே ஒரு கம்பி எடுத்துவிடலாமே என்று கட்டடப் பராமரிப்பாளர் கேட்டபோது, கன்ட்ரோலரை ஜங்ஷன் பாக்ஸாகப் பயன்படுத்தக் கூடாது என்று மறுத்துவிட்டு, தனிச் சுற்றுக்கு வழி செய்தார்கள்.

ஜெனரேட்டரின் மூன்று ஃபேஸ்களையும் பெட்டியில் இணைப்பதற்கு முன் சுழற்சி வரிசையை அளந்து பார்த்தது இன்னொரு நல்ல பழக்கம். தரநிலை, ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு ஃபேஸின் மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பார்த்தாலே மாறலாம் என்கிறது. மூன்றையும் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் தெருமின்சாரப் பக்கத்துக்குத்தான். இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தால் மாதந்தோறும் ஜெனரேட்டரை மட்டும் ஓட்டிச் சோதித்துக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது. மின்சாரம் போகும் நாளில் பம்பு எதிர்த்திசையில் சுழலும். மையவிலக்குப் பம்பு எதிர்த்திசையில் சுழன்றாலும் ஓரளவு அழுத்தம் காட்டும் என்பதால், அழுத்தமானியைப் பார்த்து ஏமாறுவதும் எளிது. தலைமைப் பணியாளர் சுழற்சி அளவியை முதலில் தெருமின்சாரத்தில் வைத்து, அம்புக்குறியின் திசையைப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகு ஜெனரேட்டரில் வைத்துப் பார்த்தார். அந்தப் பென்சில் குறி இன்னும் அங்கே இருக்கிறது.

இத்தனை கவனத்துக்குப் பிறகு ஸ்டார்ட் கம்பியில் நடந்தது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

தெருமின்சாரத்தின் ஏதாவதொரு ஃபேஸ் 85 சதவீதத்துக்குக் கீழே போனதும், டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் தன் சிறு தொடர்பை மூடி, இரண்டு கம்பிகள் வழியாக ஜெனரேட்டருக்குக் கிளம்பச் சொல்கிறது. அந்தக் கம்பி அறுந்தால் ஜெனரேட்டர் கிளம்பாது. கிளம்பாத ஜெனரேட்டருக்கு 2 அங்குலக் கான்கிரீட்டுக்குள் கேபிள் வைத்து என்ன பயன்? ஆகவே 695-ஆம் பிரிவு இந்தக் கண்ட்ரோல் கம்பிகளுக்கும் மின்கேபிளுக்கு உள்ள அதே இரண்டு மணி நேரப் பாதுகாப்பைக் கேட்கிறது. வேறெந்தக் கம்பியோடும் சேராமல் முற்றிலும் தனித்துப் போக வேண்டும் என்கிறது. 2017 பதிப்பு ஒரு படி மேலே போய், அந்தச் சுற்று அறுந்திருக்கிறதா, கழன்றிருக்கிறதா, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா என்று இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும், பழுது தெரிந்தால் ஜெனரேட்டர் தானே கிளம்ப வேண்டும் என்று சேர்த்தது.

இவர்கள் செய்தது என்னவென்றால், கான்கிரீட் ஊற்றி முடித்த பின்னர், பேட்டரி சார்ஜருக்கான கம்பியும் எச்சரிக்கைப் பலகைக்கான கம்பியும் போகும் அரை அங்குல மெல்லிய உலோகக் குழாய்க்குள்ளேயே (இ.எம்.டி.) ஸ்டார்ட் கம்பிகளையும் திணித்து, வாகன நிறுத்தத்தின் கூரையில் கொண்டுபோனார்கள். தீயணைப்புக் கணக்கில் கட்டடத்திலேயே ஆபத்தான இடம் வாகனங்கள் நிற்கும் அந்த இடம்தான். ஒரு கார் தீப்பிடித்தால் மேலே இருக்கும் அந்தக் குழாய்தான் முதலில் வேகும். நான் சுட்டிக்காட்டியபோது தலைமைப் பணியாளர் அங்கில்லை. கூடச் செய்துகொண்டிருந்தவர், “கண்ட்ரோல் கம்பிதானே சார், எல்லா ஜெனரேட்டருக்கும் இப்படித்தான் போடுறோம்” என்றார் அழகிய தமிழில். அவர் திருநெல்வேலிக்காரர். எல்லா ஜெனரேட்டருக்கும் அப்படித்தான் போடுகிறார்கள் என்பதும் உண்மைதான். கட்டட விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் வைக்கும் சாதாரண ஜெனரேட்டருக்கு அது போதும். மின்கேபிளைப் பொறியாளர்கள் வரைகிறார்கள், ஸ்டார்ட் கம்பியைத் தளத்தில் இருப்பவர் தன் பழக்கப்படி இழுக்கிறார் என்பதே இந்தக் குறையின் வேர். இவர்களுடைய வரைபடத்திலும் ஸ்டார்ட் கம்பி ஒற்றைப் புள்ளிக்கோடாக மட்டும் இருந்தது. பாதையும் பாதுகாப்பும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கான்கிரீட்டை உடைக்க முடியாத நிலையில், இரண்டு மணி நேரச் சான்று பெற்ற கனிமக் காப்புக் கேபிளைத் தனியாக இழுத்துச் சரிசெய்தார்கள். சான்றில் சொல்லியபடி கிளாம்புகளின் இடைவெளி வரை ஒழுங்காக வைத்தார்கள் என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண்காணிப்புக் கருவியையும் பின்னர் சேர்த்தார்கள். ஒரு கம்பியைக் கழற்றிப் பார்த்தபோது எஞ்சின் கிளம்பியது, இரண்டையும் ஒட்டிப் பார்த்தபோதும் கிளம்பியது. ஆனால் இதற்குக் கூடுதல் வேலை என்று தனி விலை கேட்டதை நான் ஏற்கவில்லை. விதிப்படி செய்வதாக ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, விதியில் உள்ளதைச் செய்ய மறுபடி பணம் கேட்பது முறையன்று. நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு பொருளின் விலையை நாங்களும் கூலியை அவர்களும் ஏற்பதாக முடிந்தது. தொடக்கத்திலேயே ஒரு காலிக் குழாயைக் கான்கிரீட்டுக்குள் சேர்த்து வைத்திருந்தால் இரு தரப்புக்கும் செலவே இருந்திருக்காது.

ஏற்புச் சோதனை நன்றாக நடந்தது. பம்பை அதன் குறித்த அளவின் ஒன்றரை மடங்கு நீரோட்டத்தில், அதாவது உச்சச் சுமையில் ஓடவிட்டு, தெருமின்சாரத்தைத் துண்டித்தார்கள். வெளியே சோதனைக் குழாய்களிலிருந்து பாய்ந்துகொண்டிருந்த தண்ணீர் தளர்ந்து விழுந்தது. விதிக்கப்பட்ட 10 நொடிக்குள் ஜெனரேட்டர் முழு மின்னழுத்தத்துக்கு வந்தது. ஸ்விட்ச் மாறி, கான்டாக்டர் கனமான ஓசையுடன் மூடி, தண்ணீர் மறுபடி எழுந்தது. பதிவுக்கருவியில் தெரிந்த மிகத் தாழ்ந்த மின்னழுத்தம் 421 வோல்ட். வரம்பான 408-க்கு மேலேயே நின்றது. தெருமின்சாரம் திரும்பியதும் உடனே தாவாமல், அது நிலைப்பட்டதா என்று சில நிமிடங்கள் காத்திருந்து, கான்டாக்டரைத் திறந்து, அமைதியாக மாறியது. கைப்பிடியால் நேரடியாக ஓட்டும் அவசர முறையையும் ஜெனரேட்டரில் ஓட்டிக் காட்டினார்கள். அந்த முறைக்கு 15 சதவீத வரம்பு கிடையாது என்றாலும் எஞ்சின் திணறவில்லை.

ஆகவே இத்தகைய வேலைக்கு இவர்களை அழைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அழைக்கலாம், ஆனால் ஸ்டார்ட் கம்பியின் பாதை, அதன் தீப்பாதுகாப்பு, கண்காணிப்புக் கருவி ஆகிய மூன்றையும் வரைபடத்தில் எழுதி வாங்கிய பிறகே கான்கிரீட்டை ஊற்ற விடுங்கள். உங்கள் சங்கத்தில் மின்பொறியாளர் ஒருவரும் இல்லையென்றால், அதை மட்டும் பார்க்க வெளியிலிருந்து ஒருவரை நியமிப்பது வீண்செலவாகாது. ஆவணங்களை ஒப்படைத்ததில் குறையில்லை. பிரேக்கர் அமைப்புகளின் பட்டியலைக் கன்ட்ரோலர் கதவுக்குள் பிளாஸ்டிக் உறையில் வைத்துச் சென்றிருக்கிறார்கள், துண்டிப்பு ஸ்விட்சுகளின்மேல் ஓர் அங்குல உயர எழுத்தில் பெயர்ப்பலகை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது.

பராமரிப்பு ஒப்பந்தத்தை மட்டும் இவர்களிடம் கொடுக்கவில்லை. ஆண்டுதோறும் பம்பை உச்ச நீரோட்டத்தில் ஓடவிட்டே மின்துண்டிப்பைச் செய்து பார்க்க வேண்டும் என்பது பராமரிப்புத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 25-இன் விதி; ஆனால் இவர்கள் தந்த விலைப்புள்ளியில் ஜெனரேட்டருக்கு மாதச் சோதனையும் பம்புக்கு ஆண்டுச் சோதனையும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு ஆட்களால் என்றிருந்தது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே குழுவாகச் செய்ய ஒப்புக்கொண்ட வேறொரு நிறுவனத்துக்கு அதைக் கொடுத்திருக்கிறோம்.